எழுதிட்டேன் என்று டிஸ்க் சொன்னால்

ஏரிப் பாசனக் குறிப்புகள் ஏன் ஆறேழு மாதமாக வரவில்லை என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். காரணம் சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கு. எண்பது வயதைத் தாண்டிய ஒரு நீர்க்கட்டிப் பெரியவரிடம் மூன்று நாள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்திருந்தேன். (நீர்க்கட்டி என்றால், ஏரி மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்டு விடுகிறவர்.) மொத்தம் 43 ஒலிக்கோப்புகள். எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தேன். பெரியவர் போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் ஒரு நாள் கேட்கலாமே என்று திறந்தேன். 36 கோப்பு பாடியது. 7 பாடவில்லை. பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. உள்ளே பார்த்தால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வெறும் பூஜ்ஜியம்.

யோசித்துப் பார்த்தபோது அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு தடவை நின்றது. திரையின் மூலையில் ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தது, எழுத முடியவில்லை என்கிற மாதிரி. முழுசாகப் படிக்கவில்லை, மூடிவிட்டேன். டிஸ்க் ஒரு விநாடி காணாமல் போய் மறுபடி வந்தது. சரி, வந்துடுச்சே என்று மறுபடியும் காப்பி போட்டேன். இதே பெயரில் கோப்புகள் ஏற்கனவே இருக்கு, மாற்றவா விட்டுவிடவா என்று கேட்டது. விட்டுவிடு என்றேன், நேரம் மிச்சம். கடைசிவரை ஓடி முடிந்தது. அதற்குப் பிறகு லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன். ரெக்கார்டரின் கார்டையும் காலி பண்ணினேன்.

ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிடுச்சு சார், எழுதறப்போ எரர் வருதுன்னா தட்டுல பேட் செக்டார்னு அர்த்தம், புதுசு வாங்கிக்கோங்க" என்றார். நல்ல மனிதர்தான், காசுகூட வாங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. 1980களின் நடுவில் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும். 'எழுதும்போது பிழை' என்கிற வார்த்தை அப்படியே இருக்கு, அது சுட்டுகிற இடம் மட்டும் எழுபது வருஷத்தில் மூன்று நான்கு தடவை மாறிவிட்டது.

முதலில் டேப். டிஸ்க் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர்கள் காந்த நாடாவில்தான் எழுதின. 1951இல் வந்த யூனிவாக்கில் நாடாவே உலோகம். பிறகு ஐபிஎம் பிளாஸ்டிக் நாடாவுக்கு வந்தது. அதன் 727 என்கிற இயந்திரத்தில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் ஒரே இடைவெளி உள்ள ஹெட். எழுதியது சரியாகப் பதிந்ததா என்று பார்க்க நாடாவைப் பின்னால் ஓட்டிப் படிக்கணும். அடுத்து வந்த 729இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஹெட்டில் இரண்டு இடைவெளி வைத்தார்கள். முதலாவது எழுதும், நாடா ஒரு நூல் அளவு நகர்ந்ததும் இரண்டாவது அதே இடத்தைப் படித்துப் பார்க்கும். நாடாவில் தூசி இருந்தாலும் பூச்சு உரிந்திருந்தாலும் எழுதிய அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் பின்னால் போய் மறுபடி எழுதிப் பார்க்கும். அப்பவும் சரிவரவில்லை என்றால் கொஞ்ச நீளத்தை அழித்துவிட்டு, தாண்டிப்போய் நல்ல இடத்தில் எழுதும். ஆக அந்தக் காலத்தில் எழுதும்போது பிழை என்று இயந்திரம் சொன்னால், எழுதினேன், உடனே படித்துப் பார்த்தேன், சரியில்லை என்று அர்த்தம். சந்தேகத்துக்கு இடமே இல்லாத வாக்கியம்.

இந்த வசதி டிஸ்கில் கிடைக்கவில்லை. 1956இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவான ராமாக் தான் முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு ஒரு போன் போட்டோ அளவு. அந்தத் தட்டுகளுக்கு இரும்பு ஆக்சைடு பெயின்ட் பூசிய கதை சுவையானது. சுற்றுகிற தட்டின் நடுவில் பேப்பர் கப்பிலிருந்து பெயின்ட்டை ஊற்றுவார்கள், அது தானே பரவும். கட்டி இல்லாமல் வடிகட்டப் பெண்கள் காலில் அணியும் மெல்லிய ஸ்டாக்கிங் துணியைப் பயன்படுத்தினார்கள். நம்ம வீட்டில் காப்பி வடிகட்ட வேட்டித் துணி எடுக்கிற கதைதான்.

50 தட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கை, அதில் மேலும் கீழுமாக இரண்டு ஹெட். ஒரு பக்கத்தை எழுதுவதும் படிப்பதும் ஒரே ஹெட். இங்கேதான் விஷயம். டேப்பில் மாதிரி பின்னாலேயே வந்து படித்துப் பார்க்க இன்னொரு இடைவெளி கிடையாது. எழுதியதைச் சரிபார்க்கணும் என்றால் தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி அந்த இடம் மறுபடி ஹெட்டுக்குக் கீழே வருகிற வரை காத்திருக்கணும். ராமாக் நிமிஷத்துக்கு 1200 சுற்று, ஆக ஒரு சுற்றுக்கு 50 மில்லி விநாடி. பின்னால் 3600 சுற்று டிஸ்க்குகள் வந்தபோது இது சுமார் 17 மில்லி விநாடி ஆனது. என் கையிலிருக்கும் 5400 சுற்று டிஸ்கில் 11. கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கு. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த ஒரு சுற்றைக் கொடுத்தால் டிஸ்கின் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். வேகத்துக்காகத்தான் டிஸ்க் வாங்குகிறார்கள், அதை யார் கொடுப்பார்கள்?

அதனால் சரிபார்ப்பு மெல்ல மெல்ல 'வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்' என்கிற சங்கதியாகிவிட்டது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசையில், எழுதியதைச் சரிபார்க்கணுமா என்பதை நிரலாளர் தனியாகக் குறிப்பிடணும். டாஸ் காலத்தில் வெரிஃபை என்று ஒரு கட்டளை இருந்தது, நிறைய பேருக்கு நினைவிருக்கும். அது வழக்கமாக அணைந்தே இருக்கும். ஆன் பண்ணினாலும் அது நாம் நினைத்ததைச் செய்யாது. எழுதியதை மறுபடி படித்து மூலத்தோடு ஒப்பிடும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒப்பிடாது. அந்த செக்டாரைப் பிழையில்லாமல் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கும். எழுதியதே தப்பு, ஆனால் தப்பை அழகாக எழுதியிருக்கு என்றால் வெரிஃபை தலையாட்டிவிடும்.

இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடத் துணிவு எங்கிருந்து வந்தது? என் கணிப்பு, அது ரிச்சர்ட் ஹாமிங்கின் வேலையிலிருந்து வந்தது. 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிலேக்களால் ஆன ஒரு கணினியில் வார இறுதிகளில் தன் கணக்கைப் போட்டுவிட்டுப் போவார். ஆள் இல்லாத நேரத்தில் பிழை ஒன்றைக் கண்டால் அந்த இயந்திரம் அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்த ஆள் கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு எது பிழை என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியக்கூடாதா என்று எரிச்சலில் ஆரம்பித்தது, 1950இல் பிழை திருத்தும் குறியீடுகள் பற்றிய கட்டுரையாக வெளிவந்தது. அந்த வழியில் வளர்ந்த குறியீடுகள் டிஸ்குக்குள் வந்தபோது, ஒவ்வொரு செக்டாருக்குப் பின்னாலும் கொஞ்சம் உபரி பிட்களை எழுதி வைத்தால் படிக்கும்போது சில பிட் கெட்டிருந்தாலும் திருத்திக்கொள்ளலாம் என்று ஆனது. எழுதும்போது கவலைப்பட வேண்டாம், படிக்கும்போது பார்த்துக்கலாம். டிஸ்க் தொழிலின் முக்கால்வாசி புத்திசாலித்தனம் இந்த ஒத்திப்போடுதலில்தான் இருக்கு.

அடுத்தது ஸ்டிக்கர் காலம். எனக்குப் பிடித்தது இதுதான். 1980இல் சீகேட் நிறுவனம் (அப்போது பெயர் ஷுகார்ட் டெக்னாலஜி) எஸ்டி-506 என்று 5 மெகாபைட் டிஸ்கை மேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 1983இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் டிஸ்கோடு வந்தது. அந்த வகை டிஸ்க்குகளின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் வரிசையாக எண்கள்: இத்தனையாவது சிலிண்டர், இத்தனையாவது ஹெட், அந்த இடம் பழுது. தொழிற்சாலையிலேயே சோதித்து, பழுதான இடங்களைப் பட்டியல் போட்டு, வாங்குகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டி விற்றார்கள். துணிக்கடையில் இந்த இடத்தில் இழை போயிருக்கு பாருங்க என்று காட்டித் தருகிற மாதிரி.

புது டிஸ்க் மாட்டுகிறவர் டீபக் நிரலைத் திறந்து, டிஸ்க் கட்டுப்பாட்டு அட்டைக்குள் இருக்கும் ஒரு முகவரிக்குத் தாவி (ஜி=சி800:5 என்று அடிக்கிற பழக்கம் அந்தக் கால மெக்கானிக்குகளுக்கு விரல் நுனியில் இருந்தது), அடித்தள ஃபார்மேட் போட்டு, ஸ்டிக்கரில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகக் கையால் டைப் பண்ணணும். அதற்கப்புறம் டாஸ் ஃபார்மேட் அந்த இடங்களைக் கோப்பு அட்டவணையில் கெட்டது என்று ஒரு தனி எண் போட்டுக் குறித்துவிடும். அங்கே யாரும் எழுதமாட்டார்கள்.

அந்தக் குறியை நம்பி ஒரு வேடிக்கையும் நடந்தது. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெயின் வைரஸ், ஃப்ளாப்பியில் மூன்று கிளஸ்டர்களைக் கெட்டது என்று பொய்யாகக் குறித்துவிட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கெட்ட இடம் என்று பலகை மாட்டினால் யார் எட்டிப் பார்ப்பார்கள்.

இந்தக் காலத்தில் எழுதும்போது பிழை வந்தால் மேற்பரப்பில் புதிதாக ஒரு இடம் கெட்டிருக்கு என்று சந்தேகிப்பது நியாயம். அதற்குக் கைவைத்தியமும் இருந்தது, மறுபடி ஃபார்மேட், பட்டியலில் இன்னொரு எண். கடைக்காரர் சொன்ன வாக்கியத்துக்கு வயது இதுதான். ஏதோ ஒரு குருவிடமிருந்து வந்திருக்கும், அந்தக் குருவுக்கு அது உண்மையாகவே இருந்திருக்கும். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட ஃப்ளாப்பி காலத்திலும் இப்படித்தான்: 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று கேட்டால் ஃப்ளாப்பியை எடுத்து ஊதிவிட்டு மறுபடி போடுவது. 5.25 அங்குல ஃப்ளாப்பியின் ஓரத்தில் இருக்கும் வெட்டை டேப் ஒட்டி மூடினால் எழுத முடியாது. அதற்கு முந்தைய 8 அங்குல ஃப்ளாப்பியில் அப்படியே தலைகீழ், மூடினால்தான் எழுத முடியும்.

1980களின் பிற்பகுதியில் கட்டுப்பாட்டுச் சுற்று டிஸ்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது, ஐடிஇ என்று பெயர். ஸ்டிக்கர் போயிற்று. பழுது இல்லாமல் போய்விடவில்லை; பட்டியல் டிஸ்குக்குள்ளே போய்விட்டது. தொழிற்சாலையில் கண்டவை ஒரு பட்டியல், பயன்பாட்டில் கெட்டவை இன்னொரு பட்டியல். கெட்ட செக்டாருக்குப் பதிலாக உபரியாக வைத்திருக்கும் ஒரு செக்டாரைக் கொடுத்துவிட்டு, வெளியே யாரிடமும் சொல்லாமல் அதே எண்ணை அதற்குச் சூட்டிவிடும். கம்ப்யூட்டர் கேட்டால் எல்லாம் சுத்தம் என்று சொல்லும்.

இந்த இடமாற்றம் எப்போது நடக்கும் என்பதைக் கவனியுங்கள், என் கேள்விக்கான பதில் இதில்தான் கிடைத்தது. ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை உடனே மாற்றாது. உள்ளே இருப்பது என்ன என்று அதற்கே தெரியாதே, எதை எடுத்துப் புது இடத்தில் வைப்பது? அதனால் 'நிலுவையில்' என்று குறித்துவைக்கும். எப்போதாவது நீங்கள் அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதினால், பழையது இனி வேண்டாம் என்று தெரிந்துவிட்டதால், அப்போது சோதித்து, தேவைப்பட்டால் உபரி செக்டாருக்கு மாற்றிவிடும். அதாவது எழுதுவது என்பது டிஸ்குக்கு மருந்து சாப்பிடுகிற நேரம். மேற்பரப்பு கெட்டிருந்தால் படிக்கும்போது வலிக்கும், எழுதும்போது பெரும்பாலும் சத்தமில்லாமல் சரியாகிவிடும். அதோடு, சாதாரண டிஸ்க் எழுதியதை மறுபடி படித்துப் பார்ப்பதும் இல்லை. ஹெட் சரியான தடத்தின் மேல் இருக்கா என்று மட்டும் கவனிக்கும். பதிந்ததா என்பது அதற்கே தெரியாது.

அப்படியிருக்க ஒரு நவீன டிஸ்க் எழுத முடியவில்லை என்று நம்மிடம் வந்து முறையிடுகிறது என்றால், ஒன்று உபரி செக்டார்கள் தீர்ந்துபோய்ச் சாகக் கிடக்கணும், அல்லது தகவல் தட்டுவரைக்கும் போய்ச் சேரவே இல்லை. கேபிள், மின்சாரம், நடுவில் இருக்கும் யுஎஸ்பி சில்லு, கோப்பு முறைமை. நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டாவதைத்தான்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் 1990களில் வந்தது. ஐபிஎம்மும் காம்பேக்கும் தனித்தனியாக ஆரம்பித்தது ஸ்மார்ட் என்கிற பொது ஏற்பாடாயிற்று. இலவச நிரல்கள் நிறைய இருக்கு, அந்த அட்டவணையைக் காட்டும். 5ஆம் எண் இதுவரை மாற்றிய செக்டார்கள், 197 நிலுவையில் இருப்பவை, 199 கேபிளில் சிதைந்து வந்த செய்திகள். எக்ஸ்டர்னல் டிஸ்கில் இந்த 199ஐப் பார்த்து யுஎஸ்பி கேபிள் நன்றாக இருக்கு என்று முடிவுகட்டக் கூடாது, நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். அது பெட்டிக்குள்ளே டிஸ்குக்கும் யுஎஸ்பி சில்லுக்கும் நடுவில் நடப்பதைத்தான் எண்ணும். நாம் மேசையில் இழுத்து மடக்கும் கேபிள் அதன் கணக்கில் வராது. இந்த அட்டவணையை வேதமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2007இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், செத்த டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு எண்களிலும் ஒரு அறிகுறிகூடக் காட்டாமல் செத்திருந்தன.

என் டிஸ்கில் 5 பூஜ்ஜியம், 197 பூஜ்ஜியம், 199 பூஜ்ஜியம். தட்டு சுத்தம். 192ஆம் எண் மட்டும் 61 என்று காட்டியது. திடீரென மின்சாரம் போனபோது ஹெட்டை அவசரமாக ஒதுக்கிய தடவைகளின் கணக்கு அது. மின்சாரம் போனால் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்தையே ஜெனரேட்டராக்கி, அந்தக் கொஞ்ச மின்சாரத்தில் ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் 61 தடவை! நான் கையால் பிடுங்கியது அதில் நாலைந்து இருக்கலாம்.

விண்டோஸின் இவன்ட் வியூவரைத் திறந்து அந்தத் தேதிக்குப் போனேன். 157 என்ற எண்ணோடு, டிஸ்க் எதிர்பாராமல் அகற்றப்பட்டது என்று ஒரு வரி. அகற்றியது யார்? மேசையில் இருந்த நாலு துளை யுஎஸ்பி ஹப். தனி அடாப்டர் இல்லாத வகை. லேப்டாப்பின் ஒரு துளையிலிருந்து வருவதைத்தான் அது பங்கிட்டுக் கொடுக்கணும். யுஎஸ்பி 2 விதிப்படி ஒரு துளைக்கு 500 மில்லி ஆம்பியர், அதை வாங்கிப் பிரிக்கிற இந்த மாதிரி ஹப்பில் ஒவ்வொரு துளைக்கும் 100தான் உறுதி. 2.5 அங்குல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். நடைமுறையில் கம்ப்யூட்டர்கள் விதியைவிடத் தாராளமாகக் கொடுப்பதால் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நிறைய சின்னக் கோப்புகளும் பெரிய கோப்புகளும் சேர்த்து எழுதும்போது ஹெட் அட்டவணைக்கும் தகவலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கணும், இழுப்பு கூடும், எங்கேயோ ஒரு கணம் வோல்டேஜ் இறங்கி டிஸ்க் மயங்கி விழுந்து எழுந்திருக்கு. நீர்க்கட்டியின் பேச்சைச் சேமிக்கப் போய், கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை.

டிஸ்கை நேராக லேப்டாப்பில், கூடவே வந்த குட்டைக் கேபிளில் மாட்டி, 300 ஜிபி எழுதிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. அதே ஹப்பில் மாட்டினேன், இருபது நிமிஷத்தில் விழுந்தது.

பிழை இடம் தெரிந்துவிட்டது, சரி. எழுதவே முடியாத கோப்பு எப்படி முழு அளவோடு டிஸ்கில் உட்கார்ந்திருந்தது? இங்கே இன்னொரு ஒத்திப்போடுதல் இருக்கு. நாம் எழுது என்றதும் கம்ப்யூட்டர் உடனே டிஸ்குக்கு அனுப்புவதில்லை. முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதியாச்சு என்று நிரலிடம் சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக அனுப்பும். டிஸ்கும் சளைத்ததில்லை, தன் சின்ன நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எழுதியாச்சு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். விண்டோஸ் 98 காலத்தில் இது ஒரு தடவை நன்றாகவே வெளுத்தது. கம்ப்யூட்டர்கள் வேகமாகிவிட்டதால், டிஸ்க் தன் நினைவகத்தில் இருந்ததைத் தட்டில் எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் அணைந்துவிடும் நிலை வந்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த தீர்வு: அணைப்பதற்கு முன் 2 விநாடி சும்மா காத்திரு. அவ்வளவுதான்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து, யுஎஸ்பி டிஸ்க்குகள் மலிந்தபோது, 'டிலேட் ரைட் ஃபெயில்டு' என்ற பலூன் உலகம் முழுக்கப் பிரபலமானது. அந்தப் பெயரே எல்லாவற்றையும் சொல்கிறது. ஒத்திப்போட்ட எழுத்து தோற்றுவிட்டது. எழுதச் சொன்ன நிரல் வெற்றி என்று நம்பி மூடிக்கொண்டு போயிருக்கும். செய்தி வரும்போது வாங்கிக்கொள்ள யாருமில்லை, அதனால் திரையின் மூலையில் தொங்கவிட்டார்கள். அதைத்தான் நான் படிக்காமல் மூடினேன். இந்த ஒத்திப்போடலை வெளி டிஸ்குகளுக்கு அணைத்துவைப்பதை விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் இயல்பாக்கினார்கள். அதில் நான் கைவைத்து, வேகம் கூடும் என்று எங்கேயோ படித்ததை நம்பி, பழையபடி ஆன் பண்ணி வைத்திருந்தேன். இது யார் மேலும் போட முடியாத பழி.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்கள் கண்டது இதைவிட மோசம். எழுதியதெல்லாம் டிஸ்குக்குப் போயிற்றா என்று உறுதி கேட்கும் எஃப்சின்க் அழைப்பு, பிழை வந்தால் ஒரு தடவை பிழை என்று சொல்லும். மறுபடி கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். தோற்ற பக்கத்தை எழுதி முடித்ததாகக் கணக்கில் எடுத்துவிடுவதுதான் காரணம். முதல் தடவை தோற்றால் மறுபடி முயன்று பார்ப்போம் என்று பல வருஷமாக நம்பி எழுதியிருந்தார்கள். இப்போது பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடுகிறது; தன் குறிப்பேட்டிலிருந்து மறுபடி தொடங்குகிறது.

என் பூஜ்ஜியங்களுக்கு வருவோம். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். மின்சாரம் போனாலும் அட்டவணை குலையாமல் இருக்க அது உதவும். அந்த நாட்குறிப்பில் கோப்பின் பெயர், அளவு, இடம் எல்லாம் ஏறும். கோப்புக்குள் இருக்கும் தகவல் ஏறாது. அதனால் டிஸ்க் விழுந்து எழுந்தபோது ஏழு கோப்புகளின் பெயரும் அளவும் பத்திரமாக மீண்டன. தகவல் லேப்டாப்பின் நினைவகத்திலேயே நின்று மறைந்தது. இதுவரை எழுதப்படாத இடத்தைப் படித்தால் பூஜ்ஜியம் காட்டணும் என்பது விதி, அதன்படி பூஜ்ஜியம் காட்டியது. இரண்டாம் தடவை காப்பி போட்டபோது பெயரும் அளவும் இருப்பதைப் பார்த்து, விட்டுவிடவா என்று கேட்டது. நான் விட்டேன்.

இழந்ததை மீட்கும் கதை சின்னது. லேப்டாப்பில் எஸ்எஸ்டி, அழித்ததும் அந்த இடத்தைத் துடைத்துவிடுகிற ரகம், அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. ரெக்கார்டரின் கார்டில் வேறு சில பதிவுகள் செய்திருந்தேன், ஆனாலும் முழுக்க நிரப்பவில்லை. அழித்த கோப்புகளைத் தேடும் நிரலை ஓட்டியதில் நான்கு முழுசாக வந்தன. மூன்று போனது போனதுதான். அதில் ஒன்றில்தான் பெரியவர், பஞ்ச காலத்தில் மடை முறை எப்படி மாறும், யாருக்கு ராத்திரி முறை, எந்தக் கழனிக்கு முதல் தண்ணீர் என்று ஊர் வயல்களின் பெயரை வரிசையாகச் சொன்னார். முக்கால் மணி நேரம்.

போன மாதம் அந்த ஊருக்குப் போனேன். பெரியவரின் மகனிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்பா சொன்னதுல பாதி எனக்கும் தெரியும் தம்பி, ஆனா ராத்திரி முறை எல்லாம் நான் பார்த்ததே இல்ல, அதுக்குள்ள போர் வந்துடுச்சு" என்றார். அவருக்குத் தெரிந்த பாதியைப் பதிவு செய்துகொண்டேன்.

இப்போது கோப்பைக் காப்பி பண்ணியதும் மூலத்தின் ஹாஷ் எண்ணையும் நகலின் ஹாஷ் எண்ணையும் ஒப்பிடுகிறேன். ஒப்பிடுவதற்கு முன் டிஸ்கை முறைப்படி அகற்றி, கழற்றி மாட்டுவேன். கழற்றாமல் ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் இருப்பதையே எடுத்துக்காட்டி, எல்லாம் சரி என்று சொல்ல வாய்ப்பிருக்கு, டிஸ்க் வரை போகவே போகாது. கொஞ்சம் மெனக்கெட்ட வேலைதான். பெரிய சேமிப்பு நிலையங்களிலேயே இந்தப் பயம் இருக்கு. 2008இல் வந்த ஒரு ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதம் கவனித்ததில், டிஸ்க் எந்தப் பிழையும் சொல்லாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறியிருந்த சம்பவங்கள் 4 லட்சத்துக்கு மேல் சிக்கின.

அந்த மூன்று நாளும் ரெக்கார்டர் ஓடுகிறதே என்ற தைரியத்தில் நோட்டில் அதிகம் எழுதவில்லை. ராத்திரி முறையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் கிறுக்கியிருக்கிறேன், பதினாலு வயல் பெயர்கள், அதில் இரண்டு என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தை நேற்று ஸ்கேன் பண்ணினேன். இரண்டு டிஸ்கில் இருக்கு. கழற்றி மாட்டிப் பார்த்தாச்சு.